பல்லக்கும் சிவப்புச் சேலையும்: மொரிஷியஸில் ஒரு பழைய அச்சுப்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரிஷியஸில் நவம்பர் 2 அரசு விடுமுறை. 1834இல் அந்த நாளில்தான் ‘அட்லஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இப்படி வந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு.

அந்த நாளையொட்டி எங்கள் கோவில் சங்கம் மண்டபத்தில் ஒரு சின்னக் கண்காட்சி நடத்தியது. வீடுகளில் கிடக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விளக்கத் தாள் வைப்பது என்று ஏற்பாடு. குத்துவிளக்கு வந்தது, அம்மிக்கல் வந்தது, முகப்படம் ஒட்டிய கூலிச் சீட்டு இரண்டு வந்தன. எங்கள் குழுவில் ஐந்து பேர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் தமிழ்த் தாள்கள் என் பொறுப்பு. கிரியோலிலும் பிரெஞ்சிலும் எழுத வேறொரு பெண் இருந்தார். இங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். வீட்டுப் பேச்சு கிரியோலாக இருக்கும். எனவே மூன்று மொழியிலும் எழுதினால்தான் மூன்று தலைமுறையும் படிக்கும்.

கியூர்பீப் பக்கம் குடியிருக்கும் ஓர் அம்மா, வயது அறுபதுக்கு மேல், கண்ணாடி போட்ட ஒரு படத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அந்த ஒரு படத்துக்கு விளக்கத் தாள் எழுத எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. பழைய படங்களை வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் பார்வையும் முதல் தாளும்

படம் ஏறத்தாழ ஓர் அடி அகலம். பின்னணியில் மலைத்தொடர். இடப்பக்கம் உச்சியில் உருண்டைப் பாறையோடு பீட்டர் போத், வலப்பக்கம் கட்டைவிரல்போல லெ பூஸ். நடுவில் அசையாத ஓர் ஆறு. இடது ஓரத்தில் கீழிருந்து மேல்வரை ஒரு பெரிய மரம். ஆற்றங்கரைப் பாதையில் நான்கு பேர் ஒரு பல்லக்கைத் தூக்கிப் போகிறார்கள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் நடக்கிறார். பின்னால் தலையில் கூடையோடு சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண். மரத்தடியில் தலைப்பாகையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வானம் மாலைநேரத்து ஆரஞ்சு நிறம். பார்த்தவுடன் மனம் அடங்கிப்போகும்.

அந்த அம்மா சொன்ன கதை இது. அவருடைய கொள்ளுத்தாத்தா மோக்கா பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படத்தில் இருப்பது அவருடைய கல்யாண ஊர்வலம். பல்லக்கில் கொள்ளுப்பாட்டி. மரத்தடியில் இருப்பவர் பெண்ணின் தகப்பனார். தொப்பிக்காரர் தோட்டத்துச் சர்தார், அதாவது கங்காணி. ஆற்றுக்கு அப்பால் தெரிவது கரும்பு. சின்ன வயதில் தினமும் மலையுச்சிப் பாறையைக் காட்டி, கல்லாகிப்போன பால்காரன் கதையைச் சொல்லித்தான் அவருக்குச் சோறு ஊட்டினார்களாம்.

நான் மறுகேள்வி கேட்கவில்லை. பல்லக்கு என்றாலே நமக்குச் சாமி புறப்பாடு, இல்லாவிட்டால் கல்யாணம். ‘ஒப்பந்தத் தொழிலாளர் திருமண ஊர்வலம், மோக்கா, 19ஆம் நூற்றாண்டு’ என்று அன்று மாலையே தாளை எழுதி முடித்துவிட்டேன்.

அதைக் கெடுத்தவர் கோவிலுக்குத் தினமும் வரும் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் கரும்பு வெட்டியவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது கரும்பே இல்லை என்றார். கரும்பு என்றால் வரிசையில் நிற்கும், இது புதர்புதராக நிற்கிறது. அப்புறம் கல் எங்கே என்று கேட்டார். இந்தத் தீவு எரிமலைக் கல். கரும்பு நட வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்கிக் குவிக்க வேண்டும். இன்றைக்கும் தோட்டங்களுக்கு நடுவே அந்தக் கருங்கல் குவியல்கள் நிற்கின்றன. படத்தில் ஒரு குவியல்கூட இல்லை. அவர் படித்தது எழுத்தை அல்ல, நிலத்தை. அவர் சொன்ன பிறகுதான் பூதக்கண்ணாடியைத் தேடினேன்.

பிரேமைத் திறந்தபோது

கண்ணாடிக்கு மேலே வைத்துப் பார்த்தபோது கோடுகள் தெரிந்தன, ஆனால் படத்தின் அடியில் எழுத்து இருக்கிறதா என்று தெரியவில்லை. படத்தின் மேல் சட்டம்போல வைக்கும், நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை அதை மறைத்திருந்தது. அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர் முன்னிலையிலேயே பிரேமைத் திறந்தோம். ஒரு தவறு இங்கேயே நடந்தது. திறப்பதற்கு முன் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைக்கவில்லை. உள்ளே திணிப்புக்காக வைத்திருந்த பிரெஞ்சு நாளிதழ் கையில் எடுத்ததும் நொறுங்கியது. 1930களின் இதழ் என்று ஆண்டு தெரியும் ஒரு துண்டு மட்டும் முழுதாகத் தப்பியது. படத்துக்குப் பிரேம் போட்டது அப்போதாக இருக்கலாம். கொள்ளுத்தாத்தா அதற்கு வெகு முன்பே இறந்துவிட்டார்.

தாளை வெளியே எடுத்ததும் மூன்று விஷயங்கள் பிடிபட்டன.

முதலாவது, படத்தைச் சுற்றித் தாளில் அழுந்திய ஒரு தடம். செப்புத் தகட்டில் கோடுகளைக் கீறி, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை மேலே வைத்து உருளை அழுத்தியில் விடுவார்கள். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். கல்லின் சமதளத்தில் வரைந்து எடுக்கும் கல்லச்சில் பொதுவாக இப்படி இருக்காது. ஆகவே இது செப்புத் தகட்டு அச்சு. கோடுகளின் முனையைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். உளியால் வெட்டிய கோடு போகப்போக மெலிந்து ஊசிபோல முடியும், அமிலத்தில் அரித்த கோடு மழுங்கி நிற்கும். இதில் இரண்டும் இருந்தன. மரமும் புதரும் அரித்தவை, வானம் உளி வேலை.

இரண்டாவது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது தாளுக்குள் ஓர் அங்குல இடைவெளியில் நெடுங்கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே மிக நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தன. கையால் தாள் செய்த காலத்துக் கம்பி வலையின் தடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வலைத்தடம் இல்லாத வழுவழுப்புத் தாளும் புழங்கத் தொடங்கியதால், இதுவே காலத்தை முடிவு செய்துவிடாது. ஆனால் பழமையின் பக்கம் சாய்க்கும்.

மூன்றாவது எழுத்து. அடி ஓரத்தை யாரோ கத்தரித்திருந்தார்கள். ஓவியர் பெயரும் செதுக்கியவர் பெயரும் வழக்கமாக நிற்கும் இடத்தில் எழுத்துகளின் தலைகள் மட்டும் மிச்சம். தலைப்பு வரியின் கடைசிச் சொற்கள் மட்டும் முழுசாக இருந்தன: ‘இல் த பிரான்ஸ்’.

இந்தத் தீவின் பெயரே ஒரு கடிகாரம் மாதிரி. டச்சுக்காரர்கள் 1598இல் மொரிஷியஸ் என்று பெயர் வைத்தார்கள். 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு ‘இல் த பிரான்ஸ்’ என்றார்கள். 1810இல் ஆங்கிலேயர் பிடித்ததும் பழைய பெயர் திரும்பியது. அதற்குப் பிறகும் பிரெஞ்சுப் பதிப்பகங்கள் பழைய பெயரை உடனே விடவில்லை. மில்பேர் என்ற ஓவியர் இங்கே தங்கி வரைந்த காட்சிகள் 1812இல் பாரிஸில் வெளியானபோதும் தலைப்பில் ‘இல் த பிரான்ஸ்’தான் இருந்தது. அதனால் ‘1810க்கு முன்னோ, அதை ஒட்டியோ’ என்று மட்டும் எழுதிக்கொண்டோம். அட்லஸ் கப்பல் வருவதற்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை முன்பு. கல்யாண ஊர்வலக் கதை அங்கேயே நின்றுபோனது.

இன்னொன்றும் குறித்துக்கொண்டோம், ஆனால் அப்போது அதன் பொருள் புரியவில்லை. மவுண்ட் அட்டை மறைத்திருந்த ஓரத்தில் வண்ணமே இல்லை. அட்டையின் ஜன்னல் விளிம்பு எங்கே விழுந்ததோ அங்கே, ரூலர் வைத்ததுபோல, ஆரஞ்சு வானமும் பச்சை மரமும் நின்றுபோயின. அதற்கு வெளியே அரை விரல் அகலத்துக்கு வெறும் கறுப்புக் கோடுகள்.

மலை எந்தப் பக்கம்?

மலையை வைத்து இடம் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தோம். போர்ட் லூயிஸிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் பீட்டர் போத் இடப்பக்கம், லெ பூஸ் வலப்பக்கம். மோக்கா பக்கமிருந்து வடக்கே பார்த்தால் மாறி நிற்கும். படத்தில் பீட்டர் போத் இடப்பக்கம். ஆகவே இது போர்ட் லூயிஸ் பக்கத்துக் காட்சி, மோக்கா அல்ல. இதை அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், ‘காலமும் தப்பு, இடமும் தப்பு’ என்று. இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த மோசமான காரியம் அந்த அழைப்புத்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மகனை அனுப்பிப் படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அதற்குள் எங்களிடம் நல்ல நிழற்படங்கள் இருந்தன. குழுவில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன்தான் அவற்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொப்பிக்காரர் இடுப்பில் வாள் தொங்குகிறது, ஆனால் வலது பக்கம் தொங்குகிறது என்றான். வலக்கையால் உருவுகிறவன் வாளை இடப்பக்கம்தான் கட்டுவான். ஆற்றங்கரையில் புல் அறுக்கும் ஒருவனும் அரிவாளை இடக்கையில் பிடித்திருந்தான். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் விட்டுவிடலாம். இரண்டு பேருமா?

செப்புத் தகட்டில் வரைந்தது தாளில் இட வலம் மாறித்தான் விழும். கவனமுள்ள செதுக்குநர் மூலப் படத்தைத் திருப்பிவைத்துத் தகட்டில் ஏற்றுவார். அவசரக்காரர் பார்த்ததைப் பார்த்தபடியே கீறிவிடுவார். எழுத்தை மட்டும் இட வலம் மாற்றி வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் யாராலும் படிக்க முடியாது. அதனால் தலைப்பு நேராக இருப்பதை நம்பிக் காட்சியும் நேராக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாணவன் கைப்பேசியில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பினான். வாள் இடப்பக்கம் வந்தது. பீட்டர் போத் வலப்பக்கம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோக்கா பக்கத்துச் சேன் பியேர் சாலையில் நின்று, திருப்பிய படத்தை மலைக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். சரிவுகள் ஏறக்குறையப் பொருந்தின. உருண்டைப் பாறை மட்டும் படத்தில் நிஜத்தைவிடப் பெரிது, மலையும் இன்னும் செங்குத்து. பாரிஸில் உட்கார்ந்து தகடு வெட்டியவருக்கு 820 மீட்டர் மலை போதவில்லை போலும்.

மோக்கா என்று குடும்பம் சொன்னது சரிதான். இடத்தைத் தவறாகச் சொன்னது நாங்கள்.

தூக்கியவர்கள்

இடம் தெரிந்தது, காலம் ஓரளவு தெரிந்தது. இனி மனிதர்கள்.

1797 கணக்கின்படி இந்தத் தீவில் ஏறத்தாழ 59,000 பேர். அதில் ஏறத்தாழ 49,000 பேர் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலோர். இந்தியாவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் பல்லக்கில் போவது அப்போது வழக்கம், தூக்குவது அடிமைகளின் வேலை. அடிமைமுறை இங்கே சட்டப்படி ஒழிந்தது 1835 பிப்ரவரி 1இல்.

ஆகவே அந்த நால்வரும் பெரும்பாலும் அடிமைகள். உள்ளே இருப்பது தொப்பிக்காரரின் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தூக்குகிறவர்களுக்கு முகம் கிடையாது. குறுக்குக்கோடுகளால் இருட்டாக்கிய தலை, அவ்வளவுதான். தொப்பிக்காரருக்கு மூக்கும் கண்ணும் உண்டு, அவர் அரை அங்குலம்கூட உயரமில்லை என்றாலும்.

அந்த அமைதி எப்படி வந்தது என்றும் பார்த்தோம். ஓரத்தில் கறுப்பாக ஒரு மரம், நடுவில் வெளிச்சமான நீர், தூரத்தில் மெலிந்த மலை: ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தில் நூறாண்டுக்கு மேல் ஓடிய வாய்ப்பாடு இது. மில்பேரின் தொகுதியில் இதே காட்சி இல்லை, ஆனால் இதே இலக்கணம் திரும்பத் திரும்ப வருகிறது. முன்னால் இருப்பதற்கு ஆழமான கோடு, தூரத்துக்கு மேலோட்டமான கோடு. அசையாத ஆறு என்று நாங்கள் ரசித்தது கோடே போடாமல் விட்ட வெறும் தாள். சின்ன மனிதர்களை நிற்க வைப்பது மலை எவ்வளவு பெரிது என்று காட்டத்தான். மலைக்கு அளவுகோல் வேண்டும், அதற்கு நான்கு பேர் தோளில் கம்பு.

மரத்தடியில் இருக்கும் தலைப்பாகைக்காரர் தமிழராக இருக்கலாம். லபூர்தொனே ஆளுநராக இருந்த காலத்திலேயே, அதாவது 1735க்குப் பிறகு, புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் இருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பெயர். ஆனால் கீழைநாட்டுச் சாயல் வேண்டுமென்றால் செதுக்குநர்கள் யார் தலையிலும் தலைப்பாகை வைத்துவிடுவார்கள். ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் நாங்கள் போகவில்லை.

சங்கத்தில் நடந்த பேச்சு

புதிய தாளின் வரைவைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். ‘அடிமைகள்’ என்ற சொல் வந்ததும் சலசலப்பு. கூலிகளாக வந்த நம் முன்னோர்களுக்கு மரியாதை செய்யும் நாளில் அடிமைகளை எதற்குக் கொண்டுவருகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். படமே வேண்டாம் என்றார் இன்னொருவர். அதற்கும் நியாயம் இருந்தது. ஒப்பந்தக் காலத்துக் கண்காட்சியில் ஒப்பந்தக் காலத்துக்கு முந்தைய படம் எதற்கு?

தலைமை தாங்கிய ஐயா ஒரு சமாதானம் சொன்னார். வரலாற்றை விட்டுவிடுவோம், பொருத்தமாக ஒரு குறள் போடுவோம் என்று 37ஆம் குறளைச் சொன்னார்:

‘அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.’

சிவிகை என்றால் பல்லக்கு. படத்துக்குத் தைத்துவைத்த சட்டை மாதிரிதான் தோன்றும். பலரும் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன். பரிமேலழகர் வழியில் பொருள் கொண்டால், அறத்தின் பயன் என்ன என்று நூலைக் காட்டி விளக்க வேண்டாம், பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் பார்த்தாலே தெரியும் என்று வரும். அந்த உரையோடு இந்தப் படத்துக்கு அடியில் வைத்தால், விலைக்கு வாங்கப்பட்ட நால்வரும் முன்வினையால் தூக்கினார்கள் என்று நாமே எழுதி ஒட்டியதாகும். இவர்கள் இருவரையும் காட்டி அறம் இதுதான் என்று சொல்லாதே என்று நேர்மாறாகப் பொருள் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த உரை பிடிக்கும். ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர் எந்த உரையை மனதில் வைத்து வருவார் என்று யாருக்குத் தெரியும்? ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, குறள் வேண்டாம் என்றார்.

கிரியோல் தாள் எழுதும் பெண் அதுவரை பேசவில்லை. அவருடைய அம்மா வழி தமிழ், அப்பா வழி ஆப்பிரிக்கா. ‘நாலு பேர் தூக்குகிறார்கள் என்று மட்டும் எழுதினால் போதுமா என்று என்னிடம் யாராவது கேட்டீர்களா?’ என்றார். கேட்கவில்லை. அதன்பின் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. படம் இருக்கும், ‘அடிமைகள்’ என்ற சொல்லும் இருக்கும், ‘ஒப்பந்தத்துக்கு முன்’ என்று தனி மேசை போடுவது என்று முடிவானது. ஆனால் படம் எங்களிடம் இல்லை.

தாந்தின்

மன்னிப்புக் கேட்க நானும் அந்த மாணவனும் கியூர்பீப் போனோம். வழக்கம்போல மழை. மோக்கா என்று நீங்கள் சொன்னதுதான் சரி என்று தொடங்கினேன். திருப்பிய படத்தை மாணவன் கைப்பேசியில் காட்டினான். வாள் விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னோம். இந்த முறை தொலைபேசியில் அல்ல, மேசையில் படத்தை வைத்து, பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து.

அவர் முதலில் பார்த்தது கூடைக்காரியைத்தான். சிவப்பு வண்ணத்துக்குள் கோடு வேறு ஏதோ சொல்கிறதே என்றார். நாங்கள் கவனிக்காதது அது. செதுக்கியவர் வெட்டியிருந்தது முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு பாவாடை, தோளில் ஒரு துண்டு. முந்தானை இல்லை, கொசுவம் இல்லை. சிவப்பு மட்டும் கோட்டைத் தாண்டி தோள்மேல் ஏறி, முதுகுப்பக்கம் முந்தானையாகத் தொங்கியது. சேலை செம்பில் இல்லை, தூரிகையில் இருந்தது.

மவுண்ட் ஓரத்தில் வண்ணம் நின்றுபோன கோட்டையும் அப்போது காட்டினேன். பிரேம் போட்ட பிறகு, அட்டை இருந்தபடியே யாரோ வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு கல்யாணப் புகைப்படத்தை எடுத்து வந்தார். அவருடைய அப்பா அம்மா. கறுப்பு வெள்ளைப் படம், மேலே கையால் வண்ணம் தீட்டியது. மணப்பெண்ணின் சேலை அதே சிவப்பு. அதைத் தீட்டியது தாந்தின் என்றார். இங்கே கிரியோலில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். கேட்டபோது அப்பாவின் அக்கா என்று தெரிந்தது. போர்ட் லூயிஸில் ஒரு ஸ்டூடியோவில் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அச்சுப்படத்தை வாங்கி வந்தது தாத்தா. ஏதோ பெரிய வீட்டுச் சாமான்கள் லாங்கானில், அதாவது ஏலத்தில், போனபோது என்று கேள்வி. கல்யாண ஊர்வலக் கதையை முதன்முதலில் சொன்னது யார் என்று கேட்டேன். சோறு ஊட்டியது தாந்தின்தான் என்றார்.

கண்காட்சி நாட்கள்

படம் திரும்பி வந்தது. இரண்டு தாள் வைத்தோம். ஒன்று, அச்சு என்ன காட்டுகிறது: காலம், இடம், திரும்பிப்போன மலை, பல்லக்கைத் தூக்கும் அடிமைகள். மற்றது, வீடு என்ன சொல்லிவந்தது: கொள்ளுத்தாத்தா, ஊர்வலம், தாந்தினின் சிவப்பு. இரண்டையும் கலந்து ஒரே தாளாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கலந்தால் ஒன்று மற்றதைப் பொய் என்று சொல்வதுபோலவே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கல்யாணப் புகைப்படத்தை வைத்தோம். நூலில் கட்டி ஒரு பூதக்கண்ணாடி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், வண்ணம் மங்காதிருக்க விளக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகாமல்.

மூன்று நாளில் அதிகக் கூட்டம் நின்றது அந்த மேசையில். பிள்ளைகள் பால்காரன் பாறையைத் தேடினார்கள். கரும்பு வெட்டிய பெரியவர் வருகிறவர்களிடம் எல்லாம் இது கரும்பல்ல என்று விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து கோவிலுக்குள் அதுவரை வராத, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் குடும்பங்கள் இரண்டு வந்து கிரியோல் தாளை நின்று படித்தன. பார்வையாளர் புத்தகத்தில் ஒருவர், கோவில் மண்டபத்தில் இது தேவையா என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு நாங்கள் பதில் எழுதவில்லை.

அடுத்த முறை என்றால்

பிரேமைத் திறக்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுப்பேன். அந்த நாளிதழில் வேறென்ன இருந்தது என்பது இனிமேல் யாருக்கும் தெரியாது. மலையைப் பார்ப்பதற்கு முன் கைகளைப் பார்ப்பேன். வாள், அரிவாள், எழுதுகோல் எதுவாக இருந்தாலும் எந்தக் கையில், எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் இடத்தைப் பற்றி வாய் திறப்பேன்.

வண்ணத்தைக் கோட்டிலிருந்து பிரித்துப் படிக்க எனக்குத் தோன்றவே இல்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றிய ஒரு நகலைப் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே சேலை கலைந்திருக்கும். வீட்டுக்காரர்களிடம் ‘இந்தப் படத்தில் யார் இருக்கிறார்கள்’ என்று மட்டும்தான் கேட்டேன். ‘இந்தப் படத்தை யார் யார் தொட்டார்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். கிரியோல் தாள் எழுதும் பெண்ணை மொழிபெயர்ப்பவராக நினைத்ததும் தவறு. அவரை முதல் வாரத்திலேயே படத்தின் முன் உட்காரவைத்திருக்க வேண்டும்.

செய்யாமல் விட்டதில் ஒன்று சரியாக அமைந்தது. பழுப்புப் புள்ளிகளைப் போக்க ரொட்டித் துண்டால் தேய்க்கலாம், வெளுக்கலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கை வைக்கவில்லை. வைத்திருந்தால் முதலில் போயிருப்பது அந்தச் சிவப்புத்தான்.

இப்போது

கண்காட்சி முடிந்ததும் அமிலமில்லாத அட்டையில் புதிய மவுண்ட் போட்டுக் கொடுத்தோம். ஜன்னலை எந்த அளவுக்கு வெட்டுவது என்று கேட்டபோது, பழைய அளவு வேண்டாம், எல்லா ஓரமும் தெரிய வேண்டும் என்றார். அதனால் இப்போது கண்ணாடிக்குள் கத்தரித்த எழுத்தும் தெரிகிறது, தகட்டின் தடமும் தெரிகிறது, நான்கு பக்கமும் வண்ணம் நின்றுபோன கோடும் தெரிகிறது. படம் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது பால்காரன் கதைக்குப் பிறகு தாந்தின் கதையும் வருவதாகப் போன மாதம் சொன்னார்.